டிவியை எரித்த பெட்டி

ரவாங்கில் ஒரு குழு இருக்கிறது. பழைய வீட்டுக் கணினிகளையும் விளையாட்டுப் பெட்டிகளையும் தேடிப் பிடித்து வாங்கி, துடைத்து, ஓட வைத்து, படம் எடுத்துப் போடுகிறவர்கள். வார நாட்களில் தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் வேலை, சனி ஞாயிறில் இந்தப் பைத்தியம். அவர்களில் இரண்டு பேர் போன மாதம் புக்கிட் பெலிம்பிங்கில் உள்ள என் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் தாடி வைத்தவர், மற்றவர் கண்ணாடி போட்டவர். பஞ்சு சுற்றிய ஒரு கணினியைப் பெட்டியிலிருந்து எடுத்து, பிறந்த குழந்தையைக் காட்டுவது போல மேசையில் வைத்தார்கள். நான் எத்தனையோ தடவை திறந்து மூடிய ரகம்தான் அது.

"ஆன்ட்டி, அந்த கோல்டன் ஏஜ் பத்தி நீங்க எழுதணும். ரிப்பேர் சைடுல இருந்த லேடி நீங்க ஒருத்தங்கதான் எங்களுக்குக் கிடைச்சீங்க," என்றார் தாடிக்காரர்.

பொற்காலம் என்று எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை. அவை நல்ல பெட்டிகளும் அல்ல. சூடாகும். விசைகள் ஒட்டிக்கொள்ளும். கேசட்டைச் சுற்றவிட்டுப் பொறுமையாக உட்கார்ந்திருந்தால், ஆட்டம் ஏறி முடியும் நேரத்தில் திரையில் கோடு ஓடி எல்லாம் போய்விடும். இக்கரைக்கு அக்கரை பச்சை. கையில் நல்ல போனை வைத்துக்கொண்டு அதற்காக உருகுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. ஆனால் கண்ணாடிக்காரர் போகும்போது உருப்படியாக ஒன்று கேட்டார். "இதெல்லாம் அந்தக் காலத்துல எதனால ஆன்ட்டி கெட்டுப் போச்சு?" அதற்குப் பதில் எழுதலாம் என்று தோன்றியது.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் பிறந்தவள். பள்ளி முடிந்ததும் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்து, பூதக்கண்ணாடிக்குக் கீழே ஈயம் வைத்துப் பற்ற வைக்கும் வேலை செய்தேன். கண் வலித்தது, கை பழகியது. கல்யாணத்துக்குப் பிறகு கோலசிலாங்கூருக்கு வந்தபோது, பசார் பக்கத்தில் ரேடியோ, டிவி பழுதுபார்க்கும் கடையில் ஆள் தேவை என்றார்கள். கடைக்காரர் காதர் நானா. அவருடைய அப்பா தமிழ்நாட்டுக் கடலோர ஊரிலிருந்து துணி விற்க வந்தவர். குடும்பத்தில் மற்ற எல்லோரும் துணிக்கடை, சாப்பாட்டுக் கடை என்று இருக்க, இவர் ஒருவர் மட்டும் வயருக்குள் போய்விட்டார். என் கையில் பழுதான ஒரு ரேடியோவைக் கொடுத்தார். நான் பற்ற வைத்ததை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாளைக்கே வந்துரும்மா," என்றார். நேர்முகத் தேர்வு அவ்வளவுதான்.

வாடிக்கையாளர்கள்தான் என்னை ஏற்றுக்கொள்ள நாளெடுத்தார்கள். முன்னால் உட்கார்ந்திருக்கும் என்னிடமே, "ரிப்பேர்காரரு எங்கம்மா?" என்பார்கள். "நான்தான்," என்றால், "இல்லம்மா, ஆம்பள ஆளு," என்பார்கள். உள்ளேயிருந்து நானா குரல் கொடுப்பார்: "ஆம்பள ஆளு டீ குடிக்கப் போயிருக்கு. வர்ற வரைக்கும் அவங்ககிட்டயே குடுத்து வைங்க." டீ குடிக்கப் போன அந்த ஆள் நான் ஓய்வு பெறும் வரை திரும்பி வரவில்லை.

எண்பதுகளில் முதல் வீட்டுக் கணினிகள் எங்கள் கடைக்கு வந்தன. தட்டச்சு விசைகள் உள்ள ஒரு பெட்டி, அவ்வளவுதான். திரை கிடையாது. டிவிக்குப் பின்னால் ஆன்டெனா செருகும் துளையில் இதன் வயரைச் செருகி, ஒரு சேனலைத் திருகிப் பிடிக்க வேண்டும். எழுதியதைச் சேமிக்க, பாட்டுக் கேட்கும் அதே கேசட் ரெக்கார்டர். சிங்கப்பூரில் வேலை பார்த்தவர்களும் தொழிற்சாலை மேற்பார்வையாளர்களும் வாங்கி வந்தார்கள். பிறகு ஆசிரியர்கள், தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிகள். அதற்கும் பிறகு தைவானிலிருந்து மலிவான விளையாட்டுப் பெட்டிகள் வந்து இறங்கின. ஆட்டம் அடங்கிய அட்டையைச் செருகினால் போதும், உடனே ஆடலாம். பாகான் நக்கோடா ஓமாரிலும் சுங்கை செம்பிலாங்கிலும் வலை காயும் வீடுகளில்கூட அவை புகுந்துவிட்டன.

நானாவுக்கு வேலையில் ஒரு முறை உண்டு. கொண்டுவந்த பொருளை அவர் உடனே தொடமாட்டார். கடையிலிருக்கும் டிவியைக் காட்டி, "வீட்டுல எப்படிப் போடுவீங்களோ அப்படியே போடுங்க," என்பார். அவர்கள் செருகித் திருகும்போது நானா பெட்டியைப் பார்க்கமாட்டார், அவர்களுடைய கையைப் பார்ப்பார். பாதிப் பழுது கையிலேயே தெரிந்துவிடும். செம்பிலாங்கிலிருந்து ஒரு மீன்காரர் வந்தார். ஆட்டத்தின் அட்டையைச் செருகுவதற்கு முன் அதன் வாயில் பலமாக ஊதினார். எங்கள் வட்டாரத்தில் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் இருந்தது, ஊதினால் வேலை செய்யும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். கடற்காற்று உப்பு போதாதென்று எச்சிலும் சேர்ந்து உள்ளே பச்சைப் பாசி பிடித்திருந்தது. "ஊதாதீங்க," என்று நானா சொல்லவில்லை. "ஊதுறதுக்குப் பதிலா இந்தத் துணியில தொடைங்க, இன்னும் நல்லா வேலை செய்யும்," என்றார்.

இரண்டாவது, மூடியைக் கழற்றியதும் முகர்ந்து பார்க்க வேண்டும். எரிந்த மின்மாற்றிக்கு ஒரு வாடை, வெடித்த கண்டென்சருக்கு ஒரு வாடை, எறும்புக் கூட்டுக்கு ஒரு வாடை. பல்லி முட்டைக்கு வாடை இல்லை. ஆனால் பல்லி இருக்கும் பெட்டி, திறப்பதற்கு முன்பே தானாக விசையை அமுக்கிக் காட்டிக் கொடுத்துவிடும்.

மூன்றாவதுதான் முக்கியமானது. எது பழுது, எங்கே பழுது என்று சொல்லலாம். யாரால் பழுது என்று சொல்லக் கூடாது. "அது கடைக்கு வெளிய உள்ள விஷயம்," என்பார். ஒரு தடவை ஒரு கிராணியிடம், உங்கள் மகன் கோப்பியைக் கொட்டிவிட்டான் என்று நான் சொல்லிவிட்டேன். அன்று முழுக்க நானா என்னை "மல்லிகா அம்மையார் அவர்களே" என்றுதான் கூப்பிட்டார். அவர் கோபம் மரியாதையாகத்தான் வெளியே வரும்.

ஆயுத பூசை முடிந்த வாரம் எங்களுக்கு நல்ல வேலை. தோட்டத்து வீடுகளில் கத்தி, மண்வெட்டி, மோட்டார் சைக்கிள், தையல் மெஷின் வரிசையில் புதிதாக வந்த கணினியையும் வைத்துச் சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்துவிடுவார்கள். பொட்டை முன்பக்கம் பார்த்து வைப்பதுதானே முறை. முன்பக்கத்தில்தான் அட்டை செருகும் துளை இருக்கும். சந்தனம் வழிந்து உள்ளே போய்க் காய்ந்து, செம்புப் பற்களை மூடிவிடும். நான் முதன்முதலாக அப்படியொரு பெட்டியைத் துடைத்தபோது மூடியையும் சேர்த்துத் துடைக்கப் போனேன். நானா தடுத்தார். "உள்ள போனத மட்டும் எடு. மேல இருக்குறது அவங்க வச்சது, அது நம்ம வேலை இல்ல." பொட்டோடு வந்த பெட்டி பொட்டோடுதான் திரும்பிப் போகும்.

இனி மாரிமுத்து அண்ணன் கதை. பழுது பெரிதல்ல. ஆனால் என் வேலைக்காலத்தில் இதைவிடக் கஷ்டமான ஒன்றை நான் பார்க்கவில்லை.

பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அவர் வயர்மேன். தோட்டத்துக்குச் சொந்தமாக மின்சார எஞ்சின் இருந்த காலம் அது. எஞ்சின் கூடத்திலிருந்து தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குப் போகும் கம்பிகள் எல்லாம் அவர் பொறுப்பு. ஆண்டுக்கொரு முறை மாரியம்மன் திருவிழாவுக்கு விளக்குத் தோரணம் கட்டுவதும் அவர்தான், அதில் அவருக்குத் தனிப் பெருமை. ஒரு நாள் தோட்டத்து லோரியில் ஒரு டிவியையும் ஒரு கணினியையும் ஏற்றிக்கொண்டு வந்தார். பின்னாலேயே அவருடைய மகள் தனம் இறங்கியது. படிவம் ஐந்து படிக்கும் பிள்ளை. அந்த ஆண்டுக் கடைசியில் எஸ்.பி.எம். பரீட்சை எழுத வேண்டும்.

"டிவிய செஞ்சு குடுங்க நானா. இந்தப் பொட்டிய ஒடச்சு எங்கயாவது போட்டுருங்க," என்றார். "இதுதான் டிவிய எரிச்சிச்சு."

கணினி, தனத்தின் தாய்மாமன் வாங்கிக் கொடுத்தது. டிவியோ லயத்துக்கே பொது என்று சொல்லலாம். ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு அந்த வரிசை முழுக்க அவர் வீட்டு வாசலில்தான் உட்காரும். திருவிழா அன்று சாயங்காலம், எல்லோரும் கோயிலில் இருந்த நேரத்தில், தனம் மட்டும் வீட்டில் இருந்தபடி கணினியை டிவியில் போட்டிருக்கிறது. டிவி புகைந்து அணைந்துவிட்டது.

"அதோட விட்டுச்சுன்னாலும் பரவால்ல நானா. அன்னைக்கு லயத்துல நாலஞ்சு வீட்டு பல்பும் போச்சு. ஆத்தா கரகம் எறங்குற நேரம் பாத்து இது இங்க பொட்டியத் தட்டிக்கிட்டு உக்காந்திருந்தா, வேற என்ன நடக்கும். லயத்துல பேச்சுக் கேக்க முடியல. படிச்சது போதும். பரீட்சையும் வேணாம் ஒண்ணும் வேணாம், ரவாங்ல ஃபேக்டரி இருக்கு, சேத்து விட்டுறப் போறேன்."

அவர் கெட்ட மனிதர் அல்ல. சொல்லும்போது மகளைப் பார்க்காமல் டிவியைப் பார்த்துத்தான் சொன்னார். பிள்ளை வாசலில் செருப்பைக் கழற்றியபடி நின்றுகொண்டிருந்தது. உள்ளே வரவில்லை. நானா வழக்கம்போல, "எப்படிப் போட்டீங்க, காட்டுங்க," என்று கேட்டபோது அது கையை நீட்டவே இல்லை. கணினியைப் பார்த்ததும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டது. நானா அந்தக் கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். மாரிமுத்து அண்ணனைப் பக்கத்துக் கடைக்கு டீ குடிக்கக் கூட்டிப் போய்விட்டார்.

நான் பிள்ளையை உள்ளே வரச் சொல்லி உட்கார வைத்தேன். "எல்லாரும் கோயிலுக்குப் போயிருக்கறப்ப நீ ஏன் போகல?" என்று கேட்டேன்.

வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தது. பிறகு, "நான் வீட்டுக்குத் தூரம்க்கா," என்றது.

பெண்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மாதத்தின் அந்த நாட்களில் கோயிலுக்குப் போகக் கூடாது, சாமி சாமானைத் தொடக் கூடாது. நானும் அப்படித்தான் வளர்ந்தவள், நானும் போனதில்லை. அந்த வழக்கம் சரியா தப்பா என்று இங்கே எழுத வரவில்லை. ஆனால் லயத்துப் பெண்கள் என்ன பேசியிருப்பார்கள் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. தீட்டோடு மெஷினைத் தொட்டது, அதுவும் கரகம் இறங்கும் நேரத்தில், ஆத்தா சும்மா விடுவாளா?

"நான் தொட்டதுனாலதான்க்கா," என்றது பிள்ளை. "அப்பா லைட்டு கட்டுன கோயில்ல கூட அந்த நேரம் வெளக்கு மங்கிருச்சாம். அதுவும் என்னாலதான். பரீட்சை போனாப் போகுதுக்கா. ஆத்தா வீட்டுல வேற யாரையாச்சும் ஏதாச்சும் செஞ்சிருமோன்னுதான்..."  பதினேழு வயதில் ஒரு பிள்ளை, தன் கைபட்டாலே வீடு எரியும் என்று நம்பி உட்கார்ந்திருந்தது.  ஆறுதல் சொல்லத் தெரியவில்லை, பழுது கேட்கத்தான் தெரியும். அதையே கேட்டேன்.

"டிவி போறதுக்கு முன்னாடி என்ன பாத்த? ஒண்ணு விடாம சொல்லு."

"படம் பெருசாச்சு. டிவி உர்ருன்னு சத்தம் போட்டுச்சு. மேல பல்பு வெள்ளையா எரிஞ்சிச்சு. கண்ணு கூசுச்சுக்கா. நான் சாமிய கும்பிட்டேன். அப்புறம் பட்டுன்னு வெடிச்சு பொக வந்துச்சு."

"பல்பு மொதல்ல வெள்ளையாச்சா, டிவி மொதல்ல வெடிச்சிச்சா?"

யோசித்தது. "பல்புதான்க்கா மொதல்ல."

அங்கேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. கணினி டிவியைக் கெடுத்திருந்தால் கெடுத்துவிட்டுப் போகட்டும், கூரையில் தொங்கும் பல்பை அதனால் வெள்ளையாக எரிய வைக்க முடியாது. பல்புக்கும் டிவிக்கும் கணினிக்கும் பொதுவான ஒன்று சுவருக்குள் வரும் கம்பி மட்டும்தான்.

அவர்கள் போன பிறகு டிவியைத் திறந்தேன். ஃபியூஸ் கண்ணாடி கறுத்திருந்தது. அதற்கு அடுத்து, மின்சாரம் அளவுக்கு மீறி ஏறினால் தன்னைப் பலிகொடுத்து மற்றதைக் காக்கும் நீலச் சில்லு ஒன்று உண்டு. அது இரண்டாகப் பிளந்திருந்தது. அதற்கடுத்த கண்டென்சர் வயிறு உப்பியிருந்தது. கணினியின் மின்மாற்றி உள்ளே கரிந்திருந்தது. ஆனால் கணினி டிவியோடு சேரும் இடமான ஆன்டெனாத் துளையும் அதன் பின்னால் சேனல் பிடிக்கும் டியூனரும் புதுசாக இருந்தன. கணினிதான் குற்றவாளி என்றால் முதல் அடி அங்கேதான் விழுந்திருக்க வேண்டும்.

பழுதான பாகங்களை மாற்றினேன். கணினிக்கு வேறு மின்மாற்றி போட்டதும் உயிர் வந்தது. சோதிப்பதற்காக அதிலிருந்த கேசட்டை ஓட்டிப் பார்த்தேன். பிள்ளை தானே எழுதிய ஓர் ஆட்டம். செம்பனைக் குலையைத் தின்ன வரும் எலிகளை விரட்ட வேண்டும். எலி என்றால் வெறும் ஓர் எழுத்து, குலை என்றால் நான்கு புள்ளி. நானா உட்கார்ந்து விளையாடினார். குலை முழுவதையும் எலிகள் தின்றுவிட்டன. "எஸ்டேட்டு எலி, நமக்குக் கட்டுப்படாது," என்று எழுந்துகொண்டார்.

நான் கண்டதை நானாவிடம் சொன்னேன். தோட்டத்து எஞ்சினிலிருந்து மின்சாரம் மூன்று கம்பிகளில் போகிறது. மூன்றுக்கும் பொதுவாகத் திரும்பி வரும் கம்பி ஒன்று, அதுதான் நியூட்ரல். அது சரியாக இருக்கும்வரை ஒவ்வொரு கம்பிக்கும் அதனதன் அளவு. அது கழன்றால், பிள்ளைகள் விளையாடும் ஏற்றப்பலகை மாதிரி ஆகிவிடும். விளக்குகள் அதிகம் எரியும் பக்கம் இறங்கி மங்கும், குறைவாக எரியும் பக்கம் எகிறும். திருவிழா அன்று தோரணம் முழுக்கக் கோயில் பக்கம். லயத்தில் ஆள் இல்லை, வாசலுக்கொரு பல்பு, ஒரே ஒரு டிவி. கோயிலில் மங்கிய அதே நொடியில் லயத்தில் எகிறியிருக்கிறது. தோரணத்தைக் கட்டியவர் மாரிமுத்து அண்ணனேதான். நியூட்ரல் இணைப்பு எங்கோ கழன்று, பிறகு ஒட்டியிருக்கிறது.

"நீங்க சொல்லுங்க நானா. உங்க பேச்சக் கேப்பாரு," என்றேன்.

நானா மறுத்துத் தலையை ஆட்டினார். "ஆத்தா எறங்கி வந்த நேரத்துல வெளக்கு மங்குச்சுன்னு ஊரே கையெடுத்துக் கும்பிட்டிருக்கு. அது வயரு கழண்டதுன்னு நான் போய்ச் சொன்னா, அது வயரப் பத்தின பேச்சா இருக்காதும்மா. காதர் சொன்னான்னு ஆயிரும். அவரு வயர்மேன். கரண்ட் வந்த வழியில சாமானை அடுக்கி வை. படிக்கத் தெரிஞ்சவருக்கு நாம ஏன் படிச்சுக் காட்டணும்?"

மாரிமுத்து அண்ணன் டிவி எடுக்க வந்தபோது, வெள்ளைத் துணி விரித்து அடுக்கி வைத்திருந்தேன். சுவர்ப் பக்கத்திலிருந்து வரிசையாக ஃபியூஸ், பிளந்த சில்லு, உப்பிய கண்டென்சர், கரிந்த மின்மாற்றி. துணியின் மறு ஓரத்தில் எதுவும் ஆகாத டியூனர் தெரியும்படி டிவியைத் திறந்தே வைத்திருந்தேன்.

"அண்ணே, நீங்களே பாருங்க," என்றேன்.

அவர் குனிந்து பார்த்தார். சில்லை எடுத்து நகத்தால் சுரண்டினார். டிவியின் ஆன்டெனாத் துளைக்குள் எட்டிப் பார்த்தார். "இந்தப் பக்கம் ஒண்ணும் ஆகலயே," என்றார்.

"ஆகலண்ணே."

"இந்தச் சில்லு வெடிக்கணும்னா எவ்வளவு ஏறியிருக்கணும் தங்கச்சி?"

"நானூறு வோல்ட் கிட்ட."

"நம்ம எஞ்சின்ல ஒரு வீட்டுக்கு நானூறு எங்க..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். முகம் மாறிவிட்டது. நியூட்ரல் கழன்றால் இரண்டு கம்பிகளுக்கு நடுவே இருக்கும் நானூறும் வீட்டுக்குள் வரும் என்று வயர்மேனுக்குத் தெரியும். மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நியூட்ரல சேக்க கிளாம்ப் பத்தல," என்றார். "முறுக்கி டேப் சுத்தி விட்டேன். தோரணத்த எறக்கறப்ப அந்த எடம் கருகியிருந்துச்சு. சூட்டுல கருகிருச்சுன்னு வெட்டிப் போட்டேன். வெளக்கு மங்குனப்ப நானும்தான் கும்பிட்டேன்."

நானா அவருக்கு ஒரு டீ மட்டும் வரவழைத்தார். அண்ணன் டீயைத் தொடாமல், "டிவி பழசு, அதான் போச்சுன்னு கடையில சொன்னாங்கன்னு லயத்துல சொல்லிக்கவா நானா?" என்று கேட்டார்.

"சொல்லிக்கங்க. இந்தக் கடை மறுத்துப் பேசாது."

எனக்கு அடக்க முடியவில்லை. நானாவின் சட்டம் அன்று என் வாயைக் கட்டவில்லை. "லயத்துல என்ன வேணாலும் சொல்லுங்கண்ணே. அந்தப் பிள்ளைகிட்ட என்ன சொல்லப் போறீங்க? அது டிவி போனதுக்கா அழுவுது? தன் கை பட்டதாலதான் எல்லாம்னு நெனச்சுக்கிட்டிருக்கு. வீட்டுல இனி யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் தன்னாலன்னுதான் நெனைக்கும்."

அவர் தலை குனிந்தார். "அந்த விஷயத்த ஒரு அப்பன் மககிட்ட எப்படி தங்கச்சி பேசுறது?"

"அந்த விஷயத்தப் பேச வேணாம். வயரப் பத்திப் பேசுங்க."

அவர் டிவியை ஏற்றிக்கொண்டு போனார். கணினியை எடுக்கவில்லை. உடைக்கவும் சொல்லவில்லை. நானா என்னை அம்மையார் என்று கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் டீ கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு, "நல்லா சொன்ன மல்லிகா," என்றார். அவர் வாயிலிருந்து அப்படி வந்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

அடுத்த வாரம் அண்ணன் மகளோடு வந்தார். பிள்ளை பள்ளிச் சீருடையில் இருந்தது. இந்தத் தடவையும் அது வாசலிலேயே நின்றது. அண்ணன் என் மேசைக்கு வந்து, "தங்கச்சி, நடுவுல வயரு எடுத்த டிரான்ஸ்பார்மர் ஒண்ணு குடு. காரு பிரேக் பல்பு ஒண்ணு, சின்ன மீட்டர் பல்பு ஒண்ணு," என்றார். கொடுத்தேன். நானா எழுந்து தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டுவிட்டு, முன்னால் போய் நின்றுகொண்டார்.

அண்ணன் வேலையைப் பதறாமல் செய்தார். ஒரு பக்கம் பெரிய பல்பு, மறு பக்கம் சின்ன பல்பு, நடுவிலிருந்து இரண்டுக்கும் பொதுவாக ஒரு வயர். சுவிட்சைப் போட்டதும் இரண்டும் அதனதன் அளவில் எரிந்தன.

"தனம், இங்க வா."

பிள்ளை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மேசையைத் தொடாமல் தள்ளி நின்று பார்த்தது.

"இந்தப் பெரிசு கோயில் தோரணம். இந்தச் சிறுசு நம்ம லயம், எல்லாரும் கோயில்ல இருக்கறப்ப. நடுவுல இருக்கறது நான் முறுக்கி டேப் சுத்துன வயரு. பாத்துக்க."

நடு வயரை விரலால் இழுத்தார். பெரிய பல்பு சிவந்து மங்கியது. சின்ன பல்பு வெள்ளையாகப் பளிச்சிட்டு, டிக் என்று செத்தது.

பிள்ளை செத்த பல்பையே பார்த்துக்கொண்டிருந்தது. "இதே வெள்ளைதான்ப்பா," என்றது. பிறகு, "அப்ப நான் தொட்டதுனால இல்லையா?"

"நீ தொடாம கோயில்லயே நின்னிருந்தாலும் போயிருக்கும். பூட்டுன வீட்டுல டிவி சொருகியிருந்தா போயிருக்கும். என் கை செஞ்ச வேலைம்மா அது." வயரைக் கீழே வைத்தார்.  "கோயில் கமிட்டியில சொல்லிட்டேன். உங்க அம்மாகிட்டயும் சொல்லிட்டேன். பரீட்சைக்கு உண்டான வேலைய பாரு."

"அப்பா, வெளக்கு மங்குனப்ப நீங்களும் கும்பிட்டீங்கன்னு அம்மா சொன்னாங்க."

"கும்பிட்டேன். வர்ற வருசமும் கும்பிடுவேன். கிளாம்ப் போட்டுட்டு கும்பிடுவேன்."

கடை வாசலில் முதுகைக் காட்டி நின்ற நானாவின் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிந்தது. பிள்ளை மேசைக்குப் பக்கத்தில் வந்தது. பின்னால் கட்டியிருந்த கை இரண்டும் முன்னால் வந்தன.

"இன்னொரு சின்ன பல்பு இருக்காக்கா?" என்றது.

டிராயரிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பிள்ளையே அதை மாட்டியது. நடு வயரைச் சேர்த்தது, இரண்டும் எரிவதைப் பார்த்தது. பிறகு தன் கையாலேயே வயரைப் பிடித்து இழுத்தது.